பயிற்சி விமானங்களில் எரிபொருள் தீர்ந்துபோதலும் பறப்புக்கு முந்தைய சோதனையும்

எரிபொருள் தீர்ந்துபோதல் என்பது, பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் தொட்டிகளில் உள்ள பயன்படத்தக்க எரிபொருள் முழுவதும் செலவாகி, அதனால் இயந்திரம் நின்றுவிடும் நிலையைக் குறிக்கும். புயல், பறவை மோதல், இயந்திரக் கோளாறு போன்றவை விமானிக்குத் தெரியாமல் வந்து சேரும் இடர்கள். எரிபொருள் தீர்ந்துபோதல் அவ்வகையைச் சேர்ந்ததன்று. விமானம் தரையில் நிற்கும்போதே, தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடக்கூடிய ஒன்றினால் நிகழும் விபத்து இது. எனினும் விமானம் தோன்றிய காலத்திலிருந்து இன்றுவரை இது தொடர்ந்து நிகழ்ந்து வருகிறது.

இதைத் தடுப்பதற்காக உருவானதே பறப்புக்கு முந்தைய சோதனையின் ஒரு முக்கியப் பகுதி. விமானத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு உறுப்பையும் தொட்டுப் பார்த்தல், எரிபொருளை அளத்தல், அதில் நீர் கலந்துள்ளதா என்று வடித்துப் பார்த்தல், எழுதிவைத்த பட்டியலுடன் ஒப்பிடுதல் ஆகியவை இச்சோதனையில் அடங்கும். இன்று உலகெங்கும் பறக்கக் கற்கும் மாணவர்கள் முதல் நாளிலேயே இதைக் கற்கின்றனர். இந்த வழக்கம் எவ்வாறு உருவானது, அளவிடும் கருவிகள் மேம்பட்ட பின்னரும் அது ஏன் கைவிடப்படவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தீர்ந்துபோதலும் எட்டாமையும்

எரிபொருள் தொடர்பான விபத்துகளை ஆராய்வோர் அவற்றை இரண்டாகப் பிரிப்பர். முதலாவது, மேலே சொன்ன தீர்ந்துபோதல். இரண்டாவது, எரிபொருள் எட்டாமை. எட்டாமையில் விமானத்தில் எரிபொருள் இருக்கும். ஆனால் அது இயந்திரத்தைச் சென்றடையாது. விமானி தவறான தொட்டியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், குழாயில் அடைப்பு இருக்கலாம், காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம், அல்லது எரிபொருளுடன் நீர் கலந்திருக்கலாம். ஒரு சிறகில் நிறைந்த தொட்டியுடன், இயந்திரம் நின்று வயலில் இறங்கிய விமானங்கள் உண்டு.

இந்த இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. தீர்ந்துபோன எரிபொருளை வானில் திரும்பப் பெற இயலாது. எட்டாத எரிபொருளை, நேரம் இருந்தால், தேர்வு வால்வைத் திருப்பியோ துணைப் பம்பை இயக்கியோ மீட்டுவிடலாம். எனவே இயந்திரம் நின்றவுடன் விமானி முதலில் செய்யவேண்டியவற்றுள் ஒன்று, வால்வு எந்தத் தொட்டியைக் காட்டுகிறது என்று பார்ப்பதாகும்.

தக்கையும் கம்பியும்

தொடக்ககாலப் பயிற்சி விமானங்களில் எரிபொருள் அமைப்பு மிக எளிமையாக இருந்தது. பிரித்தானியாவின் டி ஹாவிலண்ட் டைகர் மாத் 1931 அக்டோபர் 26 அன்று முதன்முதலில் பறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் பேரரசு முழுவதும் பல்லாயிரம் விமானிகள் இதில்தான் பறக்கக் கற்றனர். அதன் தொட்டி மேல்சிறகின் நடுவில், விமானியின் தலைக்கு மேலே முன்புறமாக அமைந்திருந்தது. கொள்ளளவு 19 இம்பீரியல் கேலன். அதாவது சுமார் 86 லிட்டர். பெட்ரோல் தன் எடையாலேயே கீழிறங்கி இயந்திரத்தை அடையும்; பம்பு தேவையில்லை. தொட்டியின் உச்சியில் மிதவையுடன் இணைந்த ஓர் அளவி நின்றது. விமானி தலையை உயர்த்தினால் அது கண்ணில் படும்.

அமெரிக்காவின் பைப்பர் ஜே-3 கப் இன்னும் எளிமையானது. 12 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 45 லிட்டர் கொள்ளும் தொட்டி, கருவிப் பலகைக்கு முன்னால் இருந்தது. அளவுமானியாகப் பயன்பட்டது ஒரு தக்கையும் அதில் செருகிய கம்பியும் மட்டுமே. தக்கை பெட்ரோலில் மிதக்கும். கம்பி தொட்டி மூடியின் துளை வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குறையக் குறையக் கம்பி கீழிறங்கும். முன்கண்ணாடிக்கு அப்பால் கம்பி நிற்கும் உயரமே எரிபொருளின் அளவு. 1938 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் அறிவித்த குடிமக்கள் விமானப் பயிற்சித் திட்டம், 1939 முதல் 1944 வரை நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளித்தது. அவர்களில் பெரும்பாலோர் இந்தக் கம்பியைப் பார்த்தே பறந்தனர்.

எரிபொருள் நிரப்புவதும் அக்காலத்தில் விமானியின் கண்முன்னே நடந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளுடன் பஸ் மாத் விமானத்தில் பறந்தார். வழியில் அகமதாபாத்தில் அவருக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில், தகர டின்களில் வந்து சேர்ந்தது. பம்பாயிலிருந்து சென்னைக்கு அஞ்சலைக் கொண்டுசென்றவர் நெவில் வின்சென்ட். டின்களில் வந்த பெட்ரோலைப் புனலில் மென்தோலை விரித்து வடிகட்டி ஊற்றுவது அக்கால விமானத் தளங்களில் வழக்கம். நீர் அத்தோலைக் கடக்காது, பெட்ரோல் கடக்கும். எத்தனை டின் ஊற்றப்பட்டது என்பதை விமானியே பக்கத்தில் நின்று எண்ணிக்கொள்ளலாம்.

லிண்ட்பெர்க்கின் இரண்டு பயணங்கள்

விமானி தானே பார்க்காமல், இருக்கும் என்று எண்ணிப் பறப்பதன் விளைவுக்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று சார்லஸ் லிண்ட்பெர்க்கின் வாழ்வில் உள்ளது. அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகக் கடந்து புகழ்பெறுவதற்கு முன், அவர் செயின்ட் லூயிஸ் - சிக்காகோ வழித்தடத்தில் அஞ்சல் விமானியாகப் பணியாற்றினார். 1926 செப்டம்பர் 16 இரவு, சிக்காகோ நகரை மூடுபனி சூழ்ந்திருந்தது. தளத்தின் விளக்குகள் தெரியாமல் அவர் வட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, தாம் கணக்கிட்ட நேரத்துக்கு வெகு முன்னதாகவே இயந்திரம் நின்றது.

காரணம் பின்னர்தான் தெரிந்தது. அந்த விமானத்தின் 110 கேலன் தொட்டியில் கசிவு இருந்ததால் பணியாளர்கள் அதைக் கழற்றிவிட்டு, 85 கேலன் தொட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தனர். இதை அவரிடம் எவரும் சொல்லவில்லை. லிண்ட்பெர்க் வான்குடையுடன் குதித்தார். இயந்திரம் செத்துவிட்டது என்று எண்ணியதால் மின்விசையை நிறுத்தாமல் குதித்திருந்தார். விமானத்தின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்ததும் தொட்டியின் அடியில் எஞ்சியிருந்த பெட்ரோல் கார்புரேட்டரை எட்டியது. ஆளில்லாத விமானம் மீண்டும் உயிர்பெற்று, வான்குடையில் இறங்கிக்கொண்டிருந்த அவரையே சுற்றிச் சுற்றி வந்தது. அவர் ஒரு சோள வயலில் உயிருடன் இறங்கினார்.

அடுத்த ஆண்டு, 1927 மே 20 அன்று, அவர் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் புறப்பட்டார். ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் என்ற அந்த விமானத்தில் ஐந்து தொட்டிகளில் சுமார் 450 கேலன் பெட்ரோல் இருந்தது. எடையைக் குறைப்பதற்காக வானொலியையும் எரிபொருள் மானிகளையும் அவர் தவிர்த்திருந்தார். மானிக்குப் பதிலாக அவர் நம்பியது கடிகாரத்தை. தொட்டிகளை முறைவைத்து மாற்றி, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கருவிப் பலகையில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடுகள் இன்றும் வாசிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள விமானத்தில் காணப்படுகின்றன. முப்பத்து மூன்றரை மணி நேரத்துக்குப் பின் பாரிசில் இறங்கியபோது சுமார் 85 கேலன் எஞ்சியிருந்தது.

இவ்விரு பயணங்களும் இன்றைய பயிற்சியின் இரண்டு அடிப்படைகளைக் காட்டுகின்றன. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதை விமானி தானே உறுதிசெய்ய வேண்டும். பின்னர் எவ்வளவு செலவாயிற்று என்பதைக் கடிகாரத்தால் கணக்கிட வேண்டும். முதலாவது தவறினால் இரண்டாவது கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

சரிபார்ப்புப் பட்டியல் பிறந்த கதை

1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டு தளத்தில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 குண்டுவீச்சு விமானம் சோதனைப் பறப்புக்குப் புறப்பட்டது. நான்கு இயந்திரங்கள் கொண்ட அது, அக்காலத்தின் மிகச் சிக்கலான விமானங்களில் ஒன்று. தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் அது செங்குத்தாக மேலேறி, வேகமிழந்து, விழுந்து தீப்பற்றியது. விமானத்தை ஓட்டிய மேஜர் பிளாயர் ஹில், போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவர் ஆகிய இருவரும் உயிரிழந்தனர்.

விசாரணையில் இயந்திரத்தில் எக்குறையும் காணப்படவில்லை. நிறுத்திவைத்திருக்கும்போது காற்றில் அசையாதபடி வால்புறக் கட்டுப்பாட்டுப் பரப்புகளைப் பிணைக்கும் பூட்டு விடுவிக்கப்படாமல் இருந்தது. ஹில் அனுபவம் மிக்க சோதனை விமானி. அவருக்குத் தெரியாத செய்தி எதுவும் அங்கு இல்லை. செய்ய மறந்த ஒரு செயல் மட்டுமே இருந்தது. பயிற்சியை மேலும் நீட்டிப்பதால் இதைத் தீர்க்க முடியாது என்று உணர்ந்த படைத்துறை விமானிகள், செய்யவேண்டியவற்றை ஒரு சிறு பட்டியலாக எழுதினர். இயந்திரம் தொடங்கும் முன், புறப்படும் முன், இறங்கும் முன் என்று அது பிரிக்கப்பட்டது. இதே விமானம்தான் பின்னர் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது.

பட்டியலின் பயன் அதன் நீளத்தில் இல்லை. நினைவு தவறும் இடங்கள் எவை என்று ஆய்ந்து, அவற்றை மட்டும் குறித்துவைப்பதே அதன் வேலை. எனவே சிறு பயிற்சி விமானங்களுக்கும் அம்முறை பரவியபோது, பட்டியல்களில் எரிபொருள் பலமுறை இடம்பெற்றது. நடந்து சுற்றிப் பார்க்கும்போது ஒருமுறை, இயந்திரம் தொடங்கும் முன் வால்வின் நிலை, ஓடுபாதையில் நுழையும் முன் மீண்டும் ஒருமுறை என அது திரும்பத் திரும்ப வரும். பிரித்தானிய முறையில் கற்போர் வானில் சிறிது நேரத்துக்கு ஒருமுறை சொல்லிப் பார்க்கும் 'ஃபிரெடா' என்ற நினைவுச்சொல்லிலும் முதலெழுத்து எரிபொருளையே குறிக்கிறது. வானொலி, இயந்திரம், திசை, உயரமானி ஆகியவை அதன் பின்னரே வருகின்றன.

உயர்சிறகும் தாழ்சிறகும்

போருக்குப் பின் பயிற்சிப் பள்ளிகளை நிறைத்தவை அமெரிக்காவில் கட்டப்பட்ட இருவகை விமானங்கள். 1958 முதல் 1977 வரை தயாரிக்கப்பட்ட செஸ்னா 150, 23,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது. இதன் சிறகு விமானியின் தலைக்கு மேலே உள்ளது. 1960களின் தொடக்கத்தில் வந்த பைப்பர் செரோக்கியின் சிறகோ இருக்கைக்குக் கீழே உள்ளது. இந்த வேறுபாடு எரிபொருள் சோதனையையும் வேறுபடுத்துகிறது.

செஸ்னா 150இல் இரு சிறகுகளிலும் சேர்த்து 26 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 98 லிட்டர் நிரப்பலாம். ஆனால் எல்லா நிலைகளிலும் பயன்படத்தக்கது 22.5 கேலன், சுமார் 85 லிட்டர் மட்டுமே. மீதமுள்ள 13 லிட்டர், தொட்டியின் மூலைகளிலும் அடியிலும் தங்கிவிடக்கூடியது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மணிக்கு 20 முதல் 23 லிட்டர் வரை செலவாகும் இந்த விமானத்தில், அந்த 13 லிட்டரை இருப்பதாக எண்ணும் மாணவர் அரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட பறப்பை இல்லாததிலிருந்து கணக்கிடுகிறார்.

இவ்விமானத்தில் பெட்ரோல் தானாகவே கீழிறங்கும். ஆனால் தொட்டியின் மூடி சிறகின் மேற்பரப்பில் இருப்பதால், அளவு பார்க்க விமானி ஏணியிலோ மிதிபடியிலோ ஏற வேண்டும். மழையிலும் வெயிலிலும் இதைத் தவிர்க்கத் தோன்றுவது இயல்பே. மேலும் பறக்கும்போது சிறகின் மேற்பரப்பில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், சரியாக மூடப்படாத தொட்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வெளியேறும். அளந்து பார்த்தபின் மூடியைத் திருகி, இழுத்துப் பார்ப்பது சோதனையின் பகுதியானது இதனால்தான்.

செரோக்கியின் மூடிகள் இடுப்பளவு உயரத்தில் உள்ளன, பார்ப்பது எளிது. கழுத்துப் பகுதியில் ஓர் உலோகத் தகடும் உண்டு. அதன் அடிவரை நிரப்பினால் குறிப்பிட்ட அளவு இருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் தொட்டி இயந்திரத்துக்குக் கீழே இருப்பதால் பம்பு இல்லாமல் பெட்ரோல் ஏறாது. இரு தொட்டிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கும் வசதியும் இல்லை. ஒரு தொட்டி வற்றினால் பம்பு அதிலிருந்து காற்றை இழுத்துவிடும் என்பதே காரணம். எனவே இடம், வலம், மூடுக என்ற மூன்று நிலைகளே வால்வில் உள்ளன. விமானி கடிகாரத்தைப் பார்த்து உரிய இடைவெளியில் தொட்டியை மாற்ற வேண்டும். மறந்தால், ஒரு தொட்டி நிறைந்திருக்கும்போதே இயந்திரம் நிற்கும். செஸ்னாவில் பழகியவர் செரோக்கிக்கு மாறும்போது இந்தப் பழக்கத்தைப் புதிதாகக் கற்கவேண்டியுள்ளது.

மானி இருந்தும் குச்சி ஏன்?

கம்பிக்கும் தக்கைக்கும் பின் மின்மானிகள் வந்தன. தொட்டியினுள் மிதவை ஒன்று ஏறி இறங்கும். அதன் அசைவு மின்சாரமாக மாறிப் பலகையில் முள்ளை நகர்த்தும். ஆனால் சிறகுத் தொட்டி தட்டையானது. அகலம் மிகுதி, ஆழம் குறைவு. விமானம் சாய்ந்தாலோ குலுங்கினாலோ பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கி, முள் அங்குமிங்கும் ஆடும். பழைய விமானங்களில் மிதவையின் இணைப்புகள் தேய்ந்து போவதும் உண்டு. சான்றளிப்பு விதிகள், நேர்நிலைப் பறப்பில் பயன்படாத எரிபொருள் மட்டும் எஞ்சும்போது மானி சுழியைக் காட்டவேண்டும் என்று குறிப்பாக வலியுறுத்துகின்றன. பயிற்றுநர்கள் பலரும் முள்ளை ஒரு சான்றாக மட்டுமே கொள்ளக் கற்பிக்கின்றனர்.

அளவுக்குச்சியே முதல் சான்று. இது மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. சில கண்ணாடி போன்ற குழாய்களாக இருக்கும். தொட்டியின் அடிவரை விட்டு, மேல்முனையைக் கட்டைவிரலால் மூடித் தூக்கினால் குழாயினுள் நிற்கும் பெட்ரோலின் உயரம் அளவைக் காட்டும். ஒரு விமான வகைக்குக் குறியிட்ட குச்சி இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒரே வகையிலும் நீண்டதூரத் தொட்டி பொருத்தியவை வேறுபடும். விமானம் சமதளத்தில் நிற்கவில்லை என்றால் குச்சியும் பொய் சொல்லும்; சரிவில் நிற்கும் விமானத்தில் மேற்புறச் சிறகின் பெட்ரோல் கீழ்ப்புறச் சிறகுக்கு இறங்கிவிடும்.

எனவே நல்ல சோதனை என்பது மூன்று தனித்தனிச் சான்றுகளை ஒப்பிடுவதாகும். குச்சி காட்டும் அளவு ஒன்று. கடைசியாக நிரப்பிய அளவிலிருந்து பறந்த நேரத்துக்கான செலவைக் கழித்துவரும் கணக்கு இரண்டு. பலகையில் உள்ள முள் மூன்று. மூன்றும் ஒத்துப்போனால் புறப்படலாம். ஒத்துப்போகவில்லை என்றால் குறைவான எண்ணையே உண்மையாகக் கொண்டு, காரணத்தைக் கண்டறிய வேண்டும். பயிற்சிப் பள்ளியில் ஒரே விமானத்தை ஒரு நாளில் பலர் ஓட்டுவதால், 'காலையில் நிரப்பியதாயிற்றே' என்ற நினைப்பு எவருக்கும் எளிதில் வரும். அதன் பின் எத்தனை பேர் பறந்தனர் என்பது பதிவேட்டில்தான் இருக்கும்.

நீரும் நிறமும்

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. பகலில் வெப்பமாகவும் இரவில் குளிர்ந்தும் இருக்கும் இடங்களில், பாதி காலியான தொட்டியின் உட்சுவரில் ஈரம் படிந்து துளியாகிறது. மழைநீர் பழுதான மூடி வழியே இறங்கலாம். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே தொட்டியின் அடியில் தங்கி, இயந்திரத்துக்கு முதலில் செல்வதும் அதுவே ஆகலாம். இதனால் ஒவ்வொரு தொட்டியின் தாழ்ந்த இடத்திலும் வடிகால் ஒன்று வைக்கப்பட்டது. மாணவர் சிறு தெளிகுவளையில் சிறிதளவு வடித்து, ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நீர் இருந்தால் அடியில் குமிழாகத் தெரியும். குவளை முழுவதும் நீராகவே இருந்தால் எல்லைக்கோடு தெரியாது. அப்போது உதவுவது நிறம்.

விமானப் பெட்ரோல் வகைகளுக்கு வெவ்வேறு நிறங்கள் ஊட்டப்பட்டதன் காரணமும் இதுவே. 80 ஆக்டேன் வகை சிவப்பு, 100 ஆக்டேன் வகை பச்சை, ஈயம் குறைந்த 100 வகை நீலம். ஜெட் விமானங்களுக்கான மண்ணெண்ணெய் வகைக்குச் சாயம் ஊட்டப்படுவதில்லை. அது நிறமற்றதாகவோ வைக்கோல் நிறத்திலோ இருக்கும். நீல நிறத்தை எதிர்பார்க்கும் குவளையில் நிறமில்லாத நீர்மம் தெரிந்தால், அது நீராகவோ தவறான எரிபொருளாகவோ இருக்கலாம்.

அலகினால் வந்த விபத்து

அளந்தும் ஏமாறலாம் என்பதை உலகுக்குக் காட்டியது ஒரு பெரிய விமானம். 1983 சூலை 23 அன்று ஏர் கனடாவின் 143ஆம் பயணமான போயிங் 767, 69 பேருடன் மாண்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குச் சென்றுகொண்டிருந்தது. அதன் எரிபொருள் மானிகள் பழுதாகியிருந்ததால், தொட்டிகளை அளவுக்குச்சியால் அளந்து கணக்கிட்டனர். தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு 22,300 கிலோகிராம் தேவை. லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற 0.8 அளவில் உள்ள எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். பெருக்கியதோ 1.77 என்ற எண்ணால். அது லிட்டரைப் பவுண்டாக மாற்றும் எண். கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. விளைவாக, தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் விமானம் புறப்பட்டது.

நடுவானில் இரு இயந்திரங்களும் நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிய அனுபவம் உடையவர். துணை விமானி மொரீஸ் குவின்டல், மானிடோபா மாநிலத்தில் கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தை அறிந்திருந்தார். அத்தளம் கார்ப் பந்தயத் திடலாக மாறியிருந்ததை அவர்கள் அறியவில்லை. எனினும் விமானம் அங்கே இறங்கி நின்றது. உயிரிழப்பு ஏதும் இல்லை.

குச்சி அன்று சரியாகவே அளந்தது. பிழை நேர்ந்தது அடுத்த வரியில். சிறு விமானங்களிலும் இதே பொறி உண்டு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர். மானி அமெரிக்க கேலனிலும், நிரப்பும் பம்பு லிட்டரிலும், பழைய கையேடு இம்பீரியல் கேலனிலும் இருக்கும் தளங்கள் பல நாடுகளில் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதும் பழக்கம் மாணவரிடம் வற்புறுத்தப்படுவது இதனால்தான்.

கையிருப்பு: லிட்டரில் அன்று, நிமிடத்தில்

சட்டம் கையிருப்பை நேரமாகவே குறிக்கிறது. அமெரிக்க விதிப்படி, கண்பார்வையால் வழியறிந்து பறக்கும் விமானம், சேருமிடத்தை அடைந்த பின்னும் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் வழக்கமான வேகத்தில் பறக்கத் தேவையான எரிபொருளுடன் புறப்பட வேண்டும். இது புறப்படும்போது இருக்கவேண்டிய குறைந்தபட்ச அளவு. எதிர்க்காற்று எதிர்பார்த்ததைவிட வலுத்தால், வழி தவறினால், ஓடுபாதை மூடப்பட்டிருந்தால் அந்த 30 நிமிடம் விரைவில் கரையும்.

கையேட்டில் உள்ள செலவு விகிதமும் ஒரு நிபந்தனையுடன் கூடியது. உயரே செல்லும்போது காற்று மெலிவதால், விமானி கலவைக் கட்டுப்பாட்டை இழுத்துப் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். அவ்வாறு குறைத்ததாகக் கொண்டே கையேட்டின் அட்டவணைகள் கணக்கிடப்படுகின்றன. கலவையைத் தொடாமலே பறக்கும் மாணவரின் விமானம் அட்டவணையைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

விபத்துக்குள்ளாவோர் யார்?

எரிபொருள் சோதனையை மாணவர்களே மறப்பார்கள், அவர்களே விபத்துக்குள்ளாவார்கள் என்று எண்ணத் தோன்றும். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பு வேறொன்றைக் காட்டியது. 2011 முதல் 2015 வரை அந்நாட்டின் சிறு விமானப் பறப்பில் எரிபொருள் மேலாண்மையால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை எரிபொருள் தீர்ந்துபோனதால் நேர்ந்தவை. விபத்துக்குள்ளான விமானிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வணிக உரிமமோ அதனினும் உயர்ந்த உரிமமோ பெற்றவர்கள். மாணவர்களின் பங்கு 2 விழுக்காடு மட்டுமே.

மாணவர்கள் தம் ஆசிரியரின் கண்காணிப்பில், குறுகிய தூரம் பறக்கிறார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் அவர்கள் குச்சியை விட்டு அளக்கிறார்கள், பட்டியலை வாய்விட்டுப் படிக்கிறார்கள் என்பதும் உண்மை. அனுபவம் கூடும்போது 'எனக்குத் தெரியும்' என்ற உறுதியும் கூடுகிறது. அந்த உறுதி வந்ததும் ஏணியில் ஏறும் வேலை வீணாகத் தோன்றுகிறது.

பாடகர் ஜான் டென்வரின் இறப்பு இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அவர் 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மாண்டரே வளைகுடாவுக்கு மேல், புதிதாக வாங்கிய இருவர் அமரும் லாங்-ஈசி விமானத்தில் பறந்தபோது கடலில் விழுந்து உயிரிழந்தார். அந்த விமானத்தில் தொட்டியை மாற்றும் கைப்பிடி விமானியின் இடத் தோளுக்குப் பின்னால், எட்டுவதற்குக் கடினமான இடத்தில் இருந்தது. புறப்படும் முன் பெட்ரோல் நிரப்பலாமா என்று கேட்கப்பட்டபோது, குறுகிய நேரமே பறக்கப்போவதால் வேண்டாம் என்று அவர் மறுத்திருந்தார். ஒரு தொட்டி வற்றியபின் கைப்பிடியை எட்ட உடலைத் திருப்பியதில் கட்டுப்பாடு இழந்தார் என்பதும், எரிபொருள் நிரப்பாமல் புறப்பட்டதும் காரணங்களுள் ஒன்று என்பதும் விசாரணையின் முடிவுகள்.

இன்றைய நிலை

2000களின் நடுப்பகுதியிலிருந்து செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்கள் எண்ணிமத் திரைகளுடன் வருகின்றன. ஒவ்வொரு தொட்டியின் அளவும், மணிக்கு எவ்வளவு செலவாகிறது என்பதும், எஞ்சிய நேரமும் திரையில் தெரியும். ஆனால் செலவான அளவைக் கணிக்கும் அந்தக் கணினிக்குத் தொடக்க அளவைச் சொல்வது விமானியே. 1926இல் லிண்ட்பெர்க்கின் கணக்கு தவறிய அதே இடம் அது. 172எஸ் வகையில் நீர் வடித்துப் பார்க்க 13 இடங்கள் உள்ளன. அதன் கையேடும் எரிபொருள் அளவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றே இன்றும் சொல்கிறது.

இயந்திரம் நின்ற செஸ்னா 172, ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர் தூரம் மிதந்து செல்லும். 3,000 அடியில் பறப்பவருக்கு எட்டு கிலோமீட்டரும், சில நிமிடங்களும் மட்டுமே கிடைக்கும். அந்த நேரத்துக்குள் ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, காற்றின் திசை பார்த்து, இறங்கியாக வேண்டும். தரையில் நிற்கும்போது மூடியைத் திறந்து, குச்சியை விட்டு, அளந்து, மீண்டும் மூடுவதற்கும் அதே சில நிமிடங்கள்தான் ஆகும்.